ஹேர்பின் நிற்கும் பக்கம்

அக்கா, இன்று காலை அந்தப் புத்தகத்தைத் திறந்ததும் நீலகிரித் தைலம் வாசனை வந்தது. நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரியே இருந்தது. சட்டென்று மூடிவிட்டேன். திறந்து திறந்து பார்த்தால் வாசனை போய்விடுமோ என்று பயம்.

போன வாரம் உங்கள் மகள் நான் வேலை செய்யும் கடைக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனாள். நான் பின்பக்கம் சமையலறையில் இட்லி மாவு டப்பாக்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன். "செல்வி ஆன்ட்டி, அம்மாவோட புக். ஷீ வாஸ் ஸ்டில் ரீடிங் இட்" என்றாள். ஒரு மாவு டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். வேறு என்ன கொடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

புத்தகத்தின் நடுவில் உங்கள் ஹேர்பின் இருக்கிறது. படித்த இடத்துக்கு அடையாளமாக நீங்கள் என்றைக்குக் காகிதம் வைத்தீர்கள்? கொண்டையிலிருந்து ஒரு பின்னை உருவிப் பக்கத்தில் செருகுவீர்கள். காதோரம் முடி சரிந்து விழும், அதைக் கண்டுகொள்ள மாட்டீர்கள். மருந்து ஏற்றி முடியெல்லாம் போன பிறகும் ஹேர்பின் மட்டும் உங்களிடம் இருந்தது. "தலையிலதான் அதுக்கு வேலை போச்சு, புத்தகத்துலயாவது இருக்கட்டும்டி" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாம் பழகியதே ஒரு புத்தகத்தால்தானே? என் வீட்டுக்காரர் போய்ச் சில மாதம் ஆகியிருந்தது. இந்தக் குளிர் தேசத்தில் ஐஸ் விழுந்த ஒரு காலையில், "காரைச் சூடு பண்ணி வைக்கிறேன், நீ மெதுவா வா" என்று கீழே போனவர் அவர். நான் போவதற்குள் பார்க்கிங்கிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அதன் பிறகு கடையில் வேலை செய்வேன், வீட்டுக்கு வருவேன், சுவரைப் பார்ப்பேன். அப்போதுதான் நீங்கள் கறிவேப்பிலை வாங்க வந்து, பில் போடும் வரிசையில் நின்றுகொண்டே படித்துக்கொண்டிருந்தீர்கள். வரிசை நகர்ந்தது, நீங்கள் நகரவில்லை.

"அதுல அப்படி என்னதாங்க்கா இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். வேறு யாராவது என்றால் ஒரு மாதிரி பார்த்திருப்பார்கள். நீங்கள் அங்கேயே கதை சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள். பின்னால் நின்றவர், "கொஞ்சம் மூவ் பண்ணுங்க ஆன்ட்டி" என்றார். கதை பாதியில் நின்றது. மாவுக் கையோடு பார்க்கிங் வரைக்கும் உங்கள் பின்னால் ஓடி வந்தேன்.

"பாதியில விட்டுட்டுப் போறீங்களேக்கா!"

"மீதியை நீயே படி. நான் முடிச்சதும் கொண்டுவந்து தரேன்."

"நான் எட்டாவதுதாங்க்கா."

"எட்டாவதுக்குள்ள எல்லா எழுத்தையும் சொல்லிக் குடுத்துட்டாங்கல்ல? அப்புறம் என்ன?"

அந்தப் புத்தகத்தை முக்கால்வாசி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதில் ஒருத்தியின் புருஷன் செத்துப்போனான். எனக்கு வேண்டாம் என்று சொன்னேன். நீங்கள் ஏன் என்று கேட்கவில்லை. கடையில் யாரோ உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அன்றிலிருந்துதான் நீங்கள் எனக்காகக் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கத் தொடங்கினீர்கள். புத்தகத்தை நீட்டும்போதே தகவலும் வந்துவிடும். "இதுல எல்லாரும் உயிரோட இருக்காங்க. ஒருத்தனுக்குக் கால் உடையுது, பரவால்லையா?" இன்னொரு முறை, "நடுவுல ஒரு மாமனார் போறாரு. கவலைப்படாத, அந்த ஆளு போனா அந்த வீட்டுக்கே நல்லது." நான் அந்த மாமனார் எப்போது போவார் என்று காத்துக்கொண்டே படித்தேன், அக்கா.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நம் வாசகர் கூட்டம் நடக்கும் நூலகத்து அறைக்கு உங்கள் காரில் கூட்டிக்கொண்டு போவீர்கள். வட்டமாக உட்கார்ந்து, இப்போது என்ன படிக்கிறோம், அதில் எது பிடித்தது என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். தலைப்பு மட்டும் எனக்கு மனதில் நிற்கவே நிற்காது. 'மாடிவீட்டுக்காரி கதை', 'கோழி திருடின கதை' என்று நானே ஒரு பெயர் வைத்துக்கொள்வேன். என் முறை வந்தால் நீங்கள் முந்திக்கொள்வீர்கள். "செல்வியும் நானும் ஒரே புத்தகம்தான்" என்பீர்கள். பெரிய பெரிய சரித்திர நாவலாகப் படிக்கும் அந்த அங்கிள் ஒவ்வொரு மாதமும் அதே புத்தகத்தைத்தான் சொல்வார். "இவர் படிக்கிற வேகத்துக்கு ராஜா குதிரையில ஏறவே தீபாவளி ஆயிடும்" என்று என் காதில் சொல்வீர்கள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வேன்.

கடைசியாக நீங்கள் எடுத்தது லாரிக்காரர் கதை. லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறார். தகவல் இல்லை. அவர் மனைவி தினமும் அவருக்கும் சேர்த்து உலை வைக்கிறாள். அதுவரைக்கும் நடந்ததை முதலில் காரிலும், பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலிலுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குச் சொன்னீர்கள். அந்த மனைவி உலை வைப்பதைச் சொன்னதும் குறுக்கே கேட்டேன்.

"அவர் வந்துடுவாராக்கா? கடைசிப் பக்கம் பாத்தீங்களா?"

"இந்தத் தடவை பாக்கலடி."

"ஏன்க்கா?"

ஜன்னல் பக்கம் பார்த்தீர்கள். "இப்ப எனக்குக் கடைசிப் பக்கத்து மேல ஆசையே இல்ல, செல்வி. இன்னிக்கு அவ என்ன குழம்பு வெச்சான்னு தெரிஞ்சா போதும்" என்றீர்கள். நெற்றியில் தைலம் தேய்த்துவிடச் சொன்னீர்கள். தேய்த்துவிட்டேன். நெற்றியைத் தொட்டுக்கொண்ட கையோடு நீங்களே புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் திருப்பினீர்கள். அந்த வாசனைதான் இன்று வந்தது.

இரண்டு நாளாக ஹேர்பின் இருக்கும் இடத்தில் நிற்கிறேன். முதலிலிருந்து அங்கே வரைக்கும் படித்துவிட்டேன். நீங்கள் சொல்லிக் கேட்டதுதான் என்றாலும், நீங்கள் சொல்லாமல் விட்ட சின்னச் சின்ன விஷயங்கள் இருந்தன. லாரிக்காரர் மனைவியிடம் ஒரு கோபக்கார ஆடு இருக்கிறதே, அதை ஏன் எனக்குச் சொல்லவில்லை? ஹேர்பின்னைத் தாண்டிப் போகத்தான் கை வரவில்லை. அந்தப் பக்கத்துக்கு அப்பால் நீங்கள் இல்லை. லாரிக்காரர் வருவாரா மாட்டாரா என்று எனக்கு முன்னால் போய்ப் பார்த்துச் சொல்லவும் ஆள் இல்லை. கடைசிப் பக்கத்தை நானே திருப்பிப் பார்த்துவிடலாம் என்று இரண்டு தடவை விரலை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

இன்று கூட்டம் நடக்கும் சனிக்கிழமை. அந்த அங்கிள்தான் வந்து கூட்டிக்கொண்டு போனார். உங்கள் நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. என் முறை வந்தது. முந்திக்கொள்ள ஆள் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"லாரிக்காரர் கதை படிக்கிறேன். அக்காவும் நானும் படிச்சிட்டு இருக்கோம்" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது. யாரும் திருத்தவில்லை. அந்த அங்கிள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள், முப்பது வயது இருக்கும். அம்மா தவறிப்போனதால் ஊருக்குப் போய்த் திரும்பியிருக்கிறாள். கிளம்பும்போது என்னிடம் வந்து, "ஆன்ட்டி, அந்தக் கதை சோகமா முடியுமா? இப்ப என்னால சோகம் தாங்க முடியாது" என்றாள்.

அக்கா, நீங்களாக இருந்தால் பதில் தயாராக வைத்திருப்பீர்கள்.

"எனக்கே தெரியாதும்மா. நான் இன்னும் அங்க போகல" என்றேன். அவள் முகம் வாடிப்போனது. "நான் முதல்ல போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று எப்படிச் சொன்னேனோ தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றவில்லை. ஹேர்பின் இருந்த பக்கத்தைத் தாண்டினேன். லாரிக்காரர் மனைவி கத்தரிக்காய்க் குழம்பு வைக்கிறாள். ஆடு கொடியில் காயும் துணியைத் தின்றுவிடுகிறது. நான் தனியாகச் சிரித்தேன். இன்னும் கொஞ்ச தூரம் படித்தேன். லாரி வரவில்லை.

உங்கள் பின்னை நான் எடுக்கவில்லை, அக்கா. அது உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. என் கொண்டையிலிருந்து ஒன்றை உருவி என் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறேன். காதோரம் முடி சரிந்து விழுந்திருக்கிறது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.