அரை இடம் தள்ளி

மார்ச் 4

விருது விழா மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "உங்கள் இசைப் பின்னணி, தாக்கங்கள்." மலர் ஆசிரியர் மூன்று முறை போன் செய்துவிட்டார். "சார், உங்க பாட்டெல்லாம் தாளத்துக்கு அரை இடம் தள்ளித்தானே ஆரம்பிக்குது? அது எங்கேருந்து வந்துச்சுன்னு கண்டிப்பா எழுதிடுங்க." எனக்குத் தெரியாதா என்ன, எங்கிருந்து வந்ததென்று.

மார்ச் 6

அக்காவிடமிருந்து வந்தது. எனக்கு ஆர்மோனியம் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். ஆஸ்துமாக்காரி. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத்தான் பாடுவாள். அதற்குள் தாளம் போய்விடும், இவள் பின்னால் ஓடி வருவாள். பத்து வயதில் அதை அப்படியே செய்து காட்டி, வீட்டுக்கு வந்தவர்களைச் சிரிக்க வைப்பேன். அவளும் சிரிப்பாள். செய்து செய்து எனக்கே அது படிந்துவிட்டது. இன்று அதை மேதைமை என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், நான் எதற்குக் கெடுக்க வேண்டும்?

மார்ச் 7

எழுதி அனுப்பிவிட்டேன். ரயில் ஓசை, மழை, தனிமை. நன்றாகத்தான் வந்திருக்கிறது.

மார்ச் 15

அக்கா மலரைப் படித்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "ஒரு வரியில என் பேரு வந்திருக்கலாமேடா. வேற எதுவும் நான் கேக்கலையே."

இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். ஆனாலும் எரிச்சல்தான் வந்தது. என் மேடை, என் விருது, இதிலும் பங்கா? பேருதானே வேணும்? தர்றேன்.

மார்ச் 22

தந்துவிட்டேன். விருது மேடையில் நின்று, முன்வரிசையில் இருந்தவளைக் கைகாட்டி, "எல்லாப் பெருமையும் எங்க அக்காவுக்குத்தான். இவங்களுக்கு மூச்சு வாங்கறதத்தான் நான் இவ்வளவு நாளா மியூசிக்னு வித்துட்டிருக்கேன்" என்று சொல்லி, மைக்கை வாயோடு வைத்து அந்த இழுப்பை இழுத்துக் காட்டினேன். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா எழுந்து கும்பிட்டாள்.

காரில் அக்கா மகள், "திருப்தியா மாமா?" என்று கேட்டாள். திருப்திதான்.

மார்ச் 29

அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. மருந்துக்கடைக்காரர்கூட அக்காவிடம், "ஒரு வாட்டி செஞ்சு காட்டுங்கக்கா" என்றாராம். அவள் வெளியே போவதையே நிறுத்திவிட்டாள். ரொம்பத்தான் அலட்டிக்கொள்கிறாள்.

ஏப்ரல் 9

நேற்று அக்காவுக்கு ஏதோ கையெழுத்துப் போட வங்கிக்குப் போயே ஆகவேண்டி இருந்திருக்கிறது. வரிசையில் நிற்கும்போது நிஜமாகவே இழுப்பு வந்துவிட்டது. சுற்றி நின்றவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. சிரித்திருக்கிறார்கள். போனை எடுத்துப் படம் பிடித்திருக்கிறார்கள். கைதட்டியிருக்கிறார்கள் — அவள் கீழே விழுந்த பிறகும். ஐயோ, எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தாளோ?

ஏப்ரல் 10

மருத்துவமனையில் அக்கா இன்னும் கண் திறக்கவில்லை. மகள் என்னை உள்ளே விடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மருத்துவமனைக் காவலாளி என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. "சார், அந்த அக்கா மூச்சு..." என்று ஆசையாக இழுத்துக் காட்டினார்.

நான் சிரித்துவிட்டேன். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மகள் பார்த்துக்கொண்டு நின்றாள்.