இரண்டாம் குரல்

இன்று காலை கடைக்குப் பூப்போட்ட புதுச் சீத்தைத் துணிப் பொதி வந்தது. சாக்கைக் கிழித்ததும் கஞ்சி மணம் குப்பென்று முகத்தில் அடித்தது. அந்த மணம் பட்டால் என் வாய் சும்மா இருக்காது என்பது உனக்குத் தெரியும். துணியை அடுக்கிக்கொண்டே முணுமுணுக்க ஆரம்பித்திருக்கிறேன். உன் இடத்துக்கு வந்திருக்கும் புதுப் பிள்ளை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது என்னா பாட்டு? எங்கயோ சுதி தப்புற மாதிரி இருக்கே" என்றாள். சுதி தப்பவில்லை, பாட்டில் பாதி செத்துப் போய்விட்டது என்றா சொல்ல முடியும்? "பழைய மாதா பாட்டும்மா" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடினேன்.

அடியே, உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. மஹய்யாவையில் ஓர் அறை, கட்டுகஸ்தோட்டையில் இந்தப் புடவைக் கடை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் என்று நான் என் பாட்டுக்கு இருந்தேன். அம்மா போன பிறகு பேச ஆளில்லாததும் பழகிவிட்டிருந்தது. நீ வேலைக்கு வந்தாய், எல்லாம் போச்சு. சிங்களப் பெண்களுக்கு ஒசரிச் சேலை விற்கிறோமே, நாமும் அந்தக் கட்டுக் கட்டிப் பார்த்தால் என்ன என்றாய். நீ கட்டிவிட்ட ஒசரியோடு ஒரு நாள் முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். இன்னொரு நாள் தூரியன் பழம் வாங்கி வந்தாய். அதன் நாற்றத்தில் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழுந்தே போய்விட்டார். ஒரு சுளை வாயில் வைத்ததும் எனக்குக் குமட்டியது, உனக்கும்தான். "சரி விடு, நமக்குப் புடிக்காதுன்னு இப்ப தெரிஞ்சிருச்சில்ல" என்று சிரித்தாய். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பதை பஸ் முழுக்கப் பார்த்தது.

பாட்டு விஷயமும் அப்படித்தான் தொடங்கியது. கோயில் பாடகர் குழுவில் நாம் கூட்டத்தோடு சேர்ந்து கத்துகிற ரகம். ஒரே பாட்டை ஒருவர் மெட்டில் பாட, மற்றவர் அதற்குக் கீழே வேறொரு மெட்டில் கூடவே போகிற வித்தையை நீ போனில் எங்கோ கேட்டுவிட்டாய். குழுவை நடத்தும் மாஸ்டர், "அதெல்லாம் மியூசிக் படிச்சவங்களுக்குங்க" என்றார். நீ விடுவாயா? "கத்துக்கிட்டா என்னா, வாயா கோணிப் போகும்?" அவருக்கே சிரிப்பு வந்து, இரண்டு குரலையும் தனித்தனியாக உன் போனில் பாடிக் கொடுத்தார். முதல் குரலை நீ எடுத்துக்கொண்டு, கஷ்டமானதை என் தலையில் கட்டினாய்.

சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்னறையில், துணிப் பொதிகளுக்கு நடுவே நின்று பழகினோம். இரண்டு வரி தாண்டுவதற்குள் என் குரல் உன் மெட்டோடு போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஒரு வழியையும் நீதான் கண்டுபிடித்தாய். அறையின் அந்தக் கோடியில் நீ, இந்தக் கோடியில் நான். நான் வழுக்காமல் பாடினால் நீ ஓர் எட்டு முன்னால் வருவாய். வழுக்கினால் திரும்பவும் கோடிக்குப் போவாய். "போச்சு, போச்சு, வந்துட்டா என் வீட்டுக்கு" என்று கையைத் தட்டுவாய். ஹாஜியார் முதலாளி ஒரு நாள் எட்டிப் பார்த்து, "என்னத்தப் புள்ள, ஆளுக்கொரு பாட்டுப் படிக்கிறீங்க?" என்று கேட்க, நம் இருவருக்கும் சோறு புரையேறியது.

அப்படி வந்து வந்து, ஒரு நாள் என் தோளில் உன் தோள் இடிக்க நின்றாய். நான் வழுக்கவில்லை. இரண்டு குரலும் சேர்ந்தபோது, நாம் இருவருமே பாடாத ஏதோ ஒன்று அந்த அறையில் கேட்டது. உன் கை புல்லரித்திருந்தது. எனக்கு இப்படியொன்று வரும் என்று யாரும் சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை. அன்று சாயங்காலம் மகாவலிப் பாலத்து நெரிசலில் பஸ் நின்றபோது, காரணமே இல்லாமல் சின்னப் பிள்ளைபோல எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. நீ திரும்பவில்லை. அதற்குப் பிறகு நான் குழுவுக்குப் போகவில்லை. எப்படிப் போவேன்? எனக்குத் தெரிந்தது கீழ்க்குரல் மட்டும்தான். மேலே நீ இல்லாவிட்டால் அது பாட்டே இல்லை, ஏதோ முனகல். உன்னுடையதைப் பாடிப் பார்த்தால் வாய் தன்பாட்டில் கீழே இறங்கிவிடுகிறது. அறையில் தனியாகப் பாட உட்கார்ந்தால் அழுகைதான் வந்தது. விட்டுவிட்டேன்.

போன கிழமை மாஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். "திருநாளுக்கு அந்தப் பாட்டு வேணுங்க. அவங்க பாடுனத ஹந்தானையிலருந்து வர்ற டீச்சர் படிச்சிருக்காங்க. நீங்க வந்து நின்னாப் போதும்." என் குரல் அந்த டீச்சரோடு சேராது என்று நினைத்துக்கொண்டு போனேன். சேரக் கூடாது என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டும் போனேன். சேர்ந்துவிட்டதடி. முதல் வரியிலேயே சேர்ந்துவிட்டது. யார் மேலே பாடினாலும் சேரும் போலிருக்கிறது. எனக்கு அப்படியோர் ஆத்திரம் வந்தது. கூடவே அந்தப் பழைய சந்தோஷமும் உடம்பில் ஏறியது. அதற்காக உன்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். எல்லாம் நீ இழுத்துவிட்ட வினை.

ஆனால் நீ 'அடைக்கலம்' என்ற சொல்லை ஒருநாளும் ஒரே மூச்சில் பாடியதில்லை. 'அடை' என்று நிறுத்தி, ஒரு வாய் மூச்சு வாங்கி, பிறகுதான் 'க்கலம்' என்பாய். உனக்காக நானும் அங்கே நின்று பழகிவிட்டேன். டீச்சர் நிற்கவில்லை. குழு முழுவதும் அவரோடு போய்விட்டது. நான் மட்டும் 'அடை'யில் நின்றுகொண்டிருந்தேன். மாஸ்டர் கையைத் தூக்கினார்.

"ஏங்க அங்க நிக்கிறீங்க? மூச்சு பத்தலியா?"

"ஆமாங்க" என்றேன்.

திருநாளுக்குள் திருத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். திருத்திக்கொள்வேன், கோயிலில் அவர் சொன்னபடிதான் பாட வேண்டும். மற்ற நேரமெல்லாம், கடையிலும் பஸ்ஸிலும் என் அறையிலும், அந்த இடம் வந்ததும் நின்று, நீ மூச்சு வாங்கி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் மேலே போகிறேன்.