கை தூக்காத செல்வி

பெப்ரவரி, செவ்வாய்க்கிழமை

"படிச்சிட்டு யாரு சொந்தமா தொழில் தொடங்கப் போறீங்க?"ன்னு உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற வணிக வகுப்பில கேட்டேன். ஒருத்தரும் கை தூக்கல. செல்வியும் குனிஞ்சுக்கிட்டா. யாத்திரை சீசனுக்கு மலையடிவாரத்துல நல்லதண்ணி ஊர்ல அம்மாவோட கடை போட்டு, மலையேற வர்றவங்ககிட்ட சிங்களத்துல பேரம் பேசி கம்பளித் தொப்பி விக்கிறவ அவ.

"நீ செய்றது தொழில்தானே?"

"அது சும்மா கடை டீச்சர். தொழிலெல்லாம் நமக்குச் சரிவராது."

கோவம் வந்துருச்சு. தன்னம்பிக்கை இல்லாம என்ன படிப்புன்னு மணி அடிக்கிற வரைக்கும் கத்தினேன். தொண்டை இன்னும் எரியுது. அசதியா இருக்கு, தூக்கம் வரல.

இன்னைக்குக் காலையில, ஸ்கூலுக்குக் கிளம்புறப்ப, தம்பி கொழும்புலருந்து போன்ல கோல் எடுத்தான். கடை வேலைய விட்டுட்டு ஹட்டன்ல சொந்தமா ரொட்டிக் கடை போடணுமாம். பஸ்ஸுக்கு ஓடிக்கிட்டே சொன்னேன், "அதெல்லாம் நமக்குச் சரிவராதுடா."

"சரிக்கா"ன்னு வச்சிட்டான்.