முதுகில் வாங்கிய இங்கிலீஷ்

மாப்ளே,

இன்று காலையில் தங்கச்சி மகள் செல்போனில் இங்கிலீஷ் பாடம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதில் ஒரு குரல் “பிராக்டிஸ்” என்று சொன்னதுதான் தாமதம், எனக்கு முதுகு சுளீரென்றது. “என்ன மாமா?” என்று கேட்டாள். “ஒண்ணுமில்ல தாயி, எங்கூடப் படிச்சவன் ஞாபகம்” என்றேன்.

நானும் நீயும் லோடுமேனாக இருந்த கோவில்பட்டி பஞ்சு மில்லில் ஒரு வழக்கம் உண்டே. புதிதாக வந்தவன் பொதியை நழுவவிட்டால் கூட்டாளி அவன் முதுகில் ஒரு குத்து வைப்பான். திட்டு கிடையாது, விளக்கம் கிடையாது. தப்பு செய்தவன் தானாகவே திரும்பிக் குனிய வேண்டும். அப்படித்தான் நாம் தொழில் பழகினோம். தூத்துக்குடியில் ஒரு கம்பெனி, பொதி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்ட ஆள் எடுக்கிறது, கேள்வி இங்கிலீஷில்தான் என்று தெரிந்ததும், இங்கிலீஷையும் அதே வழியில் அடித்துப் படித்துவிடலாம் என்று இறங்கினோம். உனக்கு இடுப்பு போய்க்கொண்டிருந்தது. பொதி சுமப்பதிலிருந்து தப்ப உனக்கு இருந்த ஒரே வாசல் அது.

நான் எட்டாம் வகுப்பில் பாதி வரை போனவன். அந்தப் பாதியிலேயே இங்கிலீஷை முழுசாக முடித்துவிட்டதால்தான் மீதிக்குப் போகவில்லை. லேர்ன், டிரெயினிங், ஸ்கில், இம்ப்ரூவ், எக்ஸ்பீரியன்ஸ் என்று, வேலை கற்றதைச் சொல்லத் தேவையான வார்த்தைகளை எல்லாம் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நீ தப்பாகச் சொன்னால் நான் குத்துவேன்; நான் தப்பாகச் சொன்னால் நீ. “எக்ஸ்பீரியன்ஸ்” உன் வாயில் நுழைவதற்குள் உன் முதுகு விளாத்திகுளம் மிளகாய் வத்தல் மாதிரி சிவந்துபோனது. “இம்ப்ரூவ்” என்ற வார்த்தைக்கு நீ வைத்த குத்தில் நான் கரிசலுக்குள் முழங்கால்வரை இறங்கிவிட்டேன். ஆள் வந்து பிடுங்கினார்கள்.

“ஏலே, இங்கிலீஷ் படிக்கியா, என்னைக் கொல்லப் பாக்கியா?” என்றேன்.

“ரெண்டும்தாம்ல. குனி.”

உன் இன்டர்வியூவுக்குத் துணையாக நானும் வந்தேன். கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரி, “ஹவ் டிட் யூ லேர்ன்?” என்றார். மில்லில் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் சாப்பிடப் போகும்போதெல்லாம் வண்டியை எடுத்து ஓட்டிப் பழகியவன் நீ. அதைச் சொல்ல உனக்கு வார்த்தை வரவில்லை. வரவில்லை என்றதும் என்ன செய்தாய்? எழுந்து, அந்த மனுசனுக்கு முதுகைக் காட்டிக் குனிந்துவிட்டாய்!

அவர் மிரண்டுபோய் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். வழக்கத்தை நான் விட முடியுமா? உள்ளே பாய்ந்து வைத்தேன் ஒரு குத்து. துறைமுகத்தில் நின்ற கப்பல் லேசாக ஆடியதாகப் பிற்பாடு பேசிக்கொண்டார்கள். உன் வாயிலிருந்து தெறித்து விழுந்தது: “பை பிராக்டிஸ், சார்!”

வாட்ச்மேன் வந்து என் கழுத்தை நெரித்தான். அவன் வயிற்றில் தலையால் முட்டினேன். மேசை கவிழ்ந்தது. என்னைச் சுவரோரம் போட்டு மிதித்தவர்கள் இருபது பேர் இருக்கும். நீ மூன்று என்பாய். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

அதிகாரி உன்னைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார். “பதில் நல்லாத்தான் சொன்னீங்க. இந்த ரவுடி யாரு? தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இவனை வெளிய தள்ளிட்டு உங்களுக்கு வண்டி ஓட்டுற டெஸ்ட் வைக்கிறேன்.”

தெரியாது என்று சொல், மாப்ளே என்று நான் கீழே கிடந்தபடி கண்ணைக் காட்டினேன். நீ என்னைப் பார்த்தாய். அப்புறம் நிமிர்ந்து நின்று சொன்னாய்: “ஐ லேர்ன்ட் வித் ஹிம், சார்.”

ஒரு பிழை இல்லை. இரண்டு பேரையும் சேர்த்துத் தூக்கித் தெருவில் எறிந்தார்கள்.

திரும்பி வரும்போது, பஸ் எட்டயபுரத்தைத் தாண்டியதும் நீ முழங்கையை மடக்கி என் வாயிலேயே ஒன்று விட்டாய். முன்பல் எகிறி சீட்டுக்கு அடியில் போனது. “சாகுற வரைக்கும் என்னைப் பொதி சுமக்க வச்சிட்டியேலே, பாவி!” என்றாய். உடனே உன் துண்டைச் சுருட்டி என் வாயில் வைத்து, ஊர் வரும்வரை நீயே அமுக்கிப் பிடித்துக்கொண்டும் வந்தாய்.

சொன்னபடியே சுமந்தாய். போன ஐப்பசியில் மில் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திரிக்கவில்லை.

என் மகன் பல்லைக் கட்டச் சொல்லி நச்சரிக்கிறான். கேட்கிறவர்களிடம் காளை முட்டியது, ரயில் உரசியது என்று ஆளுக்கொன்று சொல்லி வைத்திருக்கிறேன். உள்ளதை யாரிடமும் சொன்னதில்லை. நாக்கு அந்த ஓட்டையில் போய் நிற்கும்போதெல்லாம் உன் இங்கிலீஷ் எனக்குக் கேட்கிறது. அடைக்க மாட்டேன், மாப்ளே.