வலி இல்லாத எட்டு மாசம்

அன்புள்ள அம்மாவுக்கு பெர்சி எழுதுறது. கர்த்தர் கிருபையால நாங்க ரெண்டு பேரும் சுகம். உங்க பிரஷர் எப்படி இருக்கு?

போன்ல சொன்னா அழுதுருவேன்னுதான், மதுரைக்கு வர்ற டோனி அண்ணன்கிட்ட இதைக் கொடுத்துவிடுறேன்.

ஆறு வருஷமா இருந்த முடக்குவாதம், வயித்துல பிள்ளை வந்ததும் அடங்கிருச்சுல்ல. போன வாரம் ஒரு பக்கெட் துணியை நானே பிழிஞ்சு காயப்போட்டேன். சந்தோஷமா டாக்டரம்மாகிட்ட சொன்னேன். அவங்க சிரிக்கல.

"நம்ம எதிர்ப்புச் சக்தியே நம்ம மூட்டைத் தாக்குற நோய் இது. ஆம்பளைகளைவிடப் பொம்பளைகளுக்குத்தான் அதிகம். அதுல ஹார்மோனுக்கும் பங்கு இருக்கு. கர்ப்பத்துல ஹார்மோன் ஏறுறப்ப பலருக்கு வலி அடங்கும். பிள்ளை பிறந்ததும் அது சட்டுனு இறங்கும். சில வாரத்துல வலி திரும்ப வரலாம்"னாங்க.

"மருந்து இருக்கு, பார்த்துக்கலாம்"னு உங்க மருமகன் சொல்றார். எனக்குப் பயம் போகல. முன்னெல்லாம் காலையில டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாம எம்புட்டு தடவை கீழ போட்டிருக்கேன். பிள்ளையை அப்படிப் போட்டுட்டேன்னா?

பிள்ளைக்கு விரிக்க உங்க பழைய வாயில் சேலை நாலு வேணும். பூண்டு லேகியமும் வேணும்.

அப்புறம், உங்க பள்ளிக்கூடத்துல உங்களுக்குக் கொடுத்த ஒரு மாச லீவைப் பிரசவத்துக்கு எடுக்காதீங்கம்மா. அன்னைக்கு ஆஸ்பத்திரியில நர்ஸுங்க இருப்பாங்க. பிள்ளைக்கு ஒரு மாசம் ஆனதும் வாங்க. அப்பத்தான் எனக்கு உங்க கை வேணும்.

ஆபீஸ் வண்டி வந்துருச்சு, போறேன்.

உங்க மகள்
பெர்சி, மஸ்கட்