ஒன்பதாவது இடம்

18.1.2025, சனி

பொங்கல் முடிந்து முதல் நாள். சர்வீஸ் வண்டியில் இனி நான் மட்டும். கூட வந்துகொண்டிருந்த எல்வின் ஓசூரில் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். முன்சீட்டில் அவன் துண்டு கிடக்கிறது, கிரீஸ் நாற்றத்தோடு. எடுத்து எறிந்திருக்கலாம். எறியவில்லை.

ஆறு அறுவடை மிஷின்கள் என் பொறுப்பு. பிப்ரவரி கடைசியில் புரொபேஷன் முடிகிறது. அதுவரை புகார் வராவிட்டால் வேலை நிரந்தரம். சர்வீஸ் மேனேஜர் ஃபிளோரா மேடம் சிரிக்காமல் சொன்னார்: "இனிமே உங்கள எழுப்பிவிட ஆள் கிடையாது வளவன்."

எனக்கு எதற்கு ஆள்?

22.1.2025, புதன்

அலாரம் ஐந்தரைக்கு. எழுந்தது ஏழே காலுக்கு.

25.1.2025, சனி

தினமும் மிஷின் கிளம்பும் முன் பதினோரு இடம் பார்க்கவேண்டும். பெல்ட், பிளேடு, ஆயில், கிரீஸ். எல்வின் இருந்தபோது அந்தப் பட்டியல் அட்டையைப் பிடித்துக்கொண்டு, சர்ச்சில் வசனம் வாசிப்பது போல இழுத்து இழுத்து வாசிப்பான். நான் மிஷினுக்கு அடியிலிருந்து "ம்" சொன்னால்தான் டிக் போடுவான். சொல்லாவிட்டால் அதே நம்பரைத் திரும்ப வாசிப்பான். இருபது நிமிடம் போகும். என்னடா இது பூசையா என்று திட்டியிருக்கிறேன்.

இப்போது ஏழு நிமிடம். கண்ணால் ஒரு சுற்று. அட்டையைச் சாயங்காலம் டீக்கடையில் மொத்தமாக நிரப்பிக்கொள்கிறேன். மிஷின் டிரைவர் மருதையன் ஒன்பதாவது இடத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன்.

போனில் வேலைகளைப் பட்டியல் போடும் ஆப் ஒன்று இறக்கினேன். அதற்கு நிறம் தேர்ந்தெடுக்கவே அரை மணி நேரம்.

31.1.2025, வெள்ளி

குத்தாலம் பக்கம், பொன்னுத்தாய் அக்கா வயல். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். பாதி அறுத்ததும் மிஷின் நின்றது. ஒன்பதாவது இடம். நெல்லை மேலே ஏற்றும் குழாய்க்கு அடியில் இருக்கிற பேரிங், கிரீஸ் இல்லாமல் இறுகிவிட்டது. சேற்றில் மல்லாந்து படுத்தால்தான் கை எட்டும். ஒரு வாரமாக நான் படுக்கவில்லை. அட்டையில் மட்டும் தினமும் டிக். என் கையெழுத்து.

நாலு மணிக்கு மழை. நின்ற கதிர் எல்லாம் படுத்துவிட்டது.

அட்டையை மருதையன் அக்காவிடம் காட்டியிருக்கிறார். அவர் கத்தவில்லை. "மிஷின்னா நிக்கத்தான் செய்யும் தம்பி. காலைல பாத்தேன்னு எழுதியிருக்கியாமே, எதைப் பாத்த?"

மேடம் போனில் கேட்டார், டிரைவர் தப்பா ஓட்டினாரா என்று. ஆமாம் என்றால் போதும், முடிந்தது. எல்லோர் தப்பையும் முகத்துக்கு நேரே சொல்கிறவன் நான். என்னை மட்டும் விட்டுவிடுவேனா? அந்த "ஆமாம்" நாக்கு வரை வந்தது.

"இல்ல மேடம். நான் பாக்கல. பாத்ததா எழுதிட்டேன்."

புரொபேஷன் மார்ச் கடைசி வரை நீட்டிப்பு, இன்னொரு பொய் டிக் இருந்தால் வரவே வேண்டாம் என்றார்.

2.2.2025, ஞாயிறு

எல்வினிடம் போனில் நடந்ததையெல்லாம் சொன்னேன். உனக்குப் பிறவியிலேயே ஒழுங்கு இருந்தது, எனக்கு இல்லைடா என்றேன். சிரித்தான்.

"போடா. கீழ படுத்துக்கிட்டு நீ 'ம்' சொல்ற, மேல நிக்கிறவன் ஏமாத்த முடியுமா? அதான் வாசிச்சேன். இங்க தனியா இருக்கேன்ல, ரெண்டு வாரமா நானும் டீக்கடை டிக்குதான்."

திருப்பனந்தாள் ரோட்டில் ஒருநாள். தூறல். அட்டை நனையக் கூடாதென்று சட்டைக்குள் வைத்து, குனிந்து குனிந்து வாசித்தான். அவன் தலையிலிருந்து தண்ணீர் என் முகத்தில் சொட்டியது. அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. ஒன்றரை வருடம் நன்றாக வேலை பார்த்தேன் என்று நினைத்திருந்தேன் — பார்த்தது யார், நானா, நாங்களா?

4.2.2025, செவ்வாய்

ஆப்பை அழித்தேன். ஐந்தரைக்கு எழுந்தேன்.

பொன்னுத்தாய் அக்காவின் மிச்சக் கதிரை அறுத்தோம். ஈர நெல். ரோட்டில் காயப்போட நானும் நின்று கிளறினேன். சாயங்காலம் அக்கா வீட்டிலிருந்து டீ மட்டும் வந்தது.

13.2.2025, வியாழன்

மூன்று நாளாக நானே வாசித்து, நானே "ம்" சொல்கிறேன். பைத்தியம் மாதிரி இருக்கிறது. இன்று "ஒன்பது" என்று சொல்லிவிட்டுச் சேற்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன். போட்டிருந்தது புதுச் சட்டை.

மருதையன் சீட்டில் இருந்து எட்டிப் பார்த்தார். "அட்டைய இங்க குடுங்க சார். நான் படிக்கிறேன்."

உங்கள் வேலையைப் பாருங்கள் என்று அன்றைக்கு நான் அவரிடம் சொன்னது ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்டேன். சட்டையைக் கழற்றுங்கள் என்றார், அவ்வளவுதான்.

28.3.2025, வெள்ளி

தாளடி, இரண்டாம் போக அறுப்பில் கடைசி வயல். நாலாவது இடத்தில் இருந்தபோது போன் அடித்து நின்றது. பிறகு மெசேஜ் சத்தம். மருதையன் திரையை எட்டிப் பார்த்து, மேடம் அனுப்பியிருக்கிறார் என்றார். கடுதாசி மாதிரி ஏதோ இருக்கிறதாம்.

"படிங்க," என்றேன்.

"மெசேஜையா?"

"அஞ்சாவத."

பதினொன்று முடிந்து, கையைத் துடைத்துக்கொண்டு பிறகுதான் பார்த்தேன். பணி நிரந்தரம், ஏப்ரல் ஒன்று முதல். துடைத்தது எல்வின் துண்டில்.

அந்தக் கடுதாசியை அவனுக்கு அனுப்பினேன். மத்தியானம் பதில் வந்தது. ஒரே எழுத்து.

"ம்."