வலது காதுக்கு ஒரு வசனம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் நலம். அப்பாவும் நலம், அவர் காது மட்டும் நலமில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

உன் படத்தை ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் பார்த்தோம். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசியில் உன் பெயர் வந்தபோது கை வலிக்கத் தட்டினேன். தட்டியது நான் ஒருத்திதான். மற்றவர்கள் படம் முடிந்துவிட்டதா இல்லையா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கு சினிமா தெரியாதுக்கா" என்பாய். பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்துக்கொண்டு நாள் முழுக்க நான் பார்ப்பது வேறென்ன? காத்திருக்கும் அறையில் டிவி ஓடிக்கொண்டே இருக்கும். சத்தத்தை மட்டும் டாக்டர் நிறுத்தி வைத்திருக்கிறார். சத்தமில்லாமலேயே எனக்கு எல்லாம் புரியும். பேய்ப் படமென்றால் முதலில் சாகப்போவது யார் என்று சொல்லிவிடுவேன். கோர்ட் சீனில் விரலை நீட்டிப் பேசுகிறவன் ஜெயிப்பான். உன் படத்தைச் சத்தத்தோடு பார்த்தும் ஒரு மண்ணும் புரியவில்லை. எதற்கு அந்தத் தியேட்டரில் அத்தனை ஸ்பீக்கர்?

எங்கள் டாக்டர் உன் படத்தைப் பார்த்து உருகிப்போய்விட்டார். "என்ன ஒரு அமைதிம்மா! ஒரு வார்த்தை கூடுதலா இல்லை" என்றார். அவர் ஊரார் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைக்கிறவர். சாயங்காலமாவது மூடிய வாய்களைப் பார்க்கலாமே என்று அவருக்கு இருக்கும். எனக்கு என்ன தலையெழுத்து?

இந்த அடக்கமான படங்கள் எல்லாமே இப்படித்தான். ஒருத்தர் தண்ணீர் குடித்தால் டம்ளர் காலியாகும்வரை நாமும் உட்கார்ந்திருக்க வேண்டும். கோபம் வந்தால் சுவரைப் பார்க்கிறார்கள், அழுகை வந்தால் ஜன்னலைப் பார்க்கிறார்கள். யார் வீட்டிலடா இப்படி? நம் வீட்டில் கோபம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

ஜன்னலோரம் நிற்கிறாளே அந்த அக்கா, அது நான்தானே? புடவைகூட என் பச்சைப் புடவை மாதிரியே இருந்தது. தம்பி ஊரைவிட்டுப் போன துக்கத்தில் வெறித்துப் பார்க்கிறாள். நான் ஜன்னலில் நின்றால் கொடியில் துணி காய்ந்ததா என்றுதான் பார்ப்பேன். துக்கம் இல்லாமலில்லை. அதை உன் மாமாவிடம் கத்தித் தீர்த்தேன். அந்தப் பாவப்பட்ட மனுஷனுக்கு உன் படத்தில் ஒரு ஓரம்கூட இல்லை.

அதைவிடு. கடைசியில் வரும் பெஞ்ச் சீனுக்கு வருகிறேன். பஸ் ஸ்டாண்டில் அப்பாவும் மகனும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். டீ ஆறுகிறது. பஸ் வருகிறது, மகன் ஏறிப் போய்விடுகிறான். ஆஹா! நிஜத்தில் என்ன நடந்தது, நினைவிருக்கிறதா? தன் லேத் பட்டறையை இனி யார் பார்ப்பது என்று அப்பா உன் பையை இரண்டு முறை பஸ்ஸிலிருந்து இறக்கினார். நீ இரண்டு முறை ஏற்றினாய். "யாராவது ஒருத்தர் முடிவுக்கு வாங்கய்யா" என்று கண்டக்டர் கெஞ்சினார். நீங்கள் இருவரும் பேசிய பேச்சுக்கு பஸ்ஸே எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் இந்த ஆறு வருஷ மௌனம். அந்த மௌனத்தை எடுத்து, சண்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டாய்.

இப்போது காது விஷயம். லேத் பட்டறைச் சத்தத்திலேயே கிடந்ததில் இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலதில் பாதி இருக்கிறது. அதுவும் நிற்காது, மெஷின் வைத்தாலும் கொஞ்ச காலம்தான் என்று காது டாக்டர் சொல்லிவிட்டார். உனக்குச் சொல்லக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்க வந்தார். நான் கொடுக்கவில்லை.

"அவன் படத்துக்கு நான் வரலை" என்று சனிக்கிழமை முழுக்கச் சொன்னவர், ஞாயிறு காலையில் ஷேவ் செய்து, சட்டை மாட்டி, எனக்கு முன்னால் வாசலில் நின்றார். படம் முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது கேட்டார், "அந்தப் பெஞ்சில உக்காந்து அவன் அப்பாகிட்ட என்னம்மா சொன்னான்? எனக்குக் கேக்கலை."

ஒன்றும் சொல்லவில்லை என்று கத்தினேன். நம்பவில்லை. "அவ்வளவு நேரம் காட்டுறானே, சும்மாவா காட்டுவான்? நீதான் சரியா கவனிக்கலை" என்றார்.

மறுநாள் என்னிடம் சொல்லாமல் தனியாகப் போயிருக்கிறார். ஸ்பீக்கருக்குப் பக்கத்து சீட்டைக் கேட்டு வாங்கி, வலது காதைத் திருப்பி வைத்துக்கொண்டு முழுப் படத்தையும் பார்த்திருக்கிறார். "இன்னைக்கும் அந்த இடத்தை மட்டும் விட்டுட்டேன்" என்று திரும்பி வந்தார். உன்னை எங்கே போய் அடிப்பது?

செவ்வாய்க்கிழமை மறுபடியும் சட்டையை மாட்டினார். என்னால் முடியவில்லை. வலது காதோரம் போய், "நெனப்பு வந்துடுச்சுப்பா. 'சீக்கிரம் வந்து பாக்கறேன்பா'ன்னு சொன்னான்" என்றேன்.

"அதானே பாத்தேன்" என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து வாசலில் ஆட்டோ நின்றால் எழுந்து போய்ப் பார்க்கிறார். சத்தம் கேட்டுப் போவதில்லை, ஜன்னலில் பார்த்துவிட்டுத்தான் போகிறார். நீ எடுத்த ஜன்னல் சீன் இப்போது நம் வீட்டில்தான் ஓடுகிறது.

ஆகவே உன் படத்தில் இப்போது ஒரு வசனம் இருக்கிறது. எழுதியது நான். அதைப் பொய்யாக்கிவிடாதே. வா, வந்து சண்டை போடுவதானாலும் போடு, நான் நடுவில் வரமாட்டேன். உன் அடுத்த படம் நூறு நாள் ஓடட்டும், அதில் யாரும் வாயே திறக்காவிட்டாலும் பரவாயில்லை, முதல் ஆளாகக் கைதட்டுகிறேன். வீட்டுக்கு வந்தால் மட்டும் அப்பாவுக்கு வலது பக்கம் உட்கார். கத்திச் சொல்லு.

இப்படிக்கு,
தொண்டை கட்டிப்போன
உன் அக்கா